பிளஞ்ச் ரௌட்டரை வீட்டில் செய்த மேசையில் பொருத்துவது: முழுமையான வழிகாட்டி

ரௌட்டர் என்பது சுழலும் பிட்டால், அதாவது வெட்டும் அலகால், மரத்தில் பள்ளமும் விளிம்பும் வெட்டும் கருவி. அதில் பிளஞ்ச் வகை கையில் பிடித்து ஓட்டுவதற்காக உருவானது. ஸ்ப்ரிங் மோட்டாரை மேலே தூக்கி வைத்திருக்கும். நாம் அழுத்தினால் பிட் மரத்துக்குள் இறங்கும், பிடியைத் தளர்த்தினால் தானாக மேலேறி மரத்தைவிட்டு விலகிவிடும். அதே ரௌட்டரைத் தலைகீழாக மேசைக்கு அடியில் தொங்கவிட்டதும் கணக்கு மாறிவிடுகிறது. பிட்டை உயர்த்த மோட்டாரின் எடையைத் தூக்க வேண்டும், ஸ்ப்ரிங்கையும் எதிர்த்துத் தள்ள வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டு நமக்கு எதிராக நிற்கின்றன. மேசைப் பொருத்தத்தில் வரும் சிக்கல்களில் பாதி இதிலிருந்துதான் பிறக்கிறது.

மீதிப் பாதி வேலையின் வரிசையைத் தப்பாக எடுத்துக்கொள்வதால் வருகிறது. பலரும் முதலில் மேசையைச் செய்து, நடுவில் ஓட்டை போட்டு, கடைசியில் ரௌட்டரை எப்படி மாட்டுவது என்று யோசிக்கிறார்கள். நான் சொல்வது இதற்கு நேர் எதிர் வரிசை. முதலில் ரௌட்டரைச் சோதியுங்கள். பிறகு அதைத் தாங்கும் தகட்டைச் செய்து இரண்டையும் ஒன்றாக இணையுங்கள். அந்த இணை சரியாக அமைந்த பிறகு, அதன் அளவுக்கு மேசைப் பலகையை வெட்டுங்கள்.

ரௌட்டர் இதற்குத் தோதானதா?

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பேஸின் (ரௌட்டர் மரத்தின்மேல் உட்காரும் அடிப்பாகம்) அடியில் இருக்கும் பிளாஸ்டிக் அடித்தகட்டைக் கழற்றுங்கள். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். துளைகளைக் குறிக்க அதுதான் அச்சு.

இப்போது மோட்டாரை முழுவதும் கீழே அழுத்திப் பூட்டிவிட்டு, காலெட் நட் (பிட்டின் தண்டை இறுக்கிப் பிடிக்கும் நட்) பேஸின் முகத்தைத் தாண்டி எத்தனை மில்லிமீட்டர் வெளியே வருகிறது என்று அளந்து பாருங்கள். 10 மி.மீ. தகடு போடுவதாக இருந்தால், நட் 10 மி.மீ. வெளியே வந்தால்தான் மேசை மட்டத்தைத் தொடும். ஸ்பேனர் போட்டுத் திருப்ப இன்னும் கொஞ்சம் வேண்டும். அவ்வளவு வந்தால் பிட்டை மேலிருந்தே மாற்றலாம். வராவிட்டாலும் இந்த ரௌட்டர் ஆகாது என்று முடிவுகட்ட வேண்டாம். தகட்டோடு ரௌட்டரை வெளியே தூக்கி, பக்கவாட்டில் சாய்த்து வைத்துப் பிட்டை மாற்றிக்கொள்ளலாம். தகட்டை மேசையில் நிரந்தரமாக ஒட்டாமல் எடுத்து வைக்கும்படி செய்வதற்கு இதுவே முதல் காரணம். எட்டாத குறையைக் காலெட் நீட்டிப்புக் கருவி போட்டுச் சரிசெய்யலாம் என்பார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். தண்டு நீள நீள அதிர்வு கூடும், பேரிங்கின் மேல் சுமை ஏறும். மெல்லிய, உறுதியான தகடு போடுவதே நல்ல வழி.

அடுத்தது ஸ்விட்ச். விரலால் அழுத்திப் பிடித்திருந்தால் மட்டும் ஓடும், பூட்டி வைக்க வழியில்லாத ஸ்விட்ச் உள்ள ரௌட்டரை மேசைக்கு எடுக்காதீர்கள். ஸ்விட்சை டேப் சுற்றி அழுத்தி வைப்பது தயாரித்தவர்கள் வைத்த பாதுகாப்பையே நாம் அழிப்பதாகும்.

வேகக் கட்டுப்பாடும் கட்டாயம் வேண்டும். பெரிய பிட்டுகளை ஓட்டத்தான் மேசையே செய்கிறோம். அவற்றை நிமிடத்துக்கு 22,000 சுற்றில் ஓட்ட முடியாது.

ஸ்ப்ரிங்கை எடுப்பதா, விடுவதா

இது ரௌட்டரை எப்படிப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சில நாள் மேசையிலும் சில நாள் கையிலும் ஓட்டுவதாக இருந்தால் ஸ்ப்ரிங்கைத் தொடாதீர்கள். மரை போட்ட கம்பியால் உயரத்தைச் சரிசெய்யும் ஏற்பாடு செய்துகொண்டால் போதும். ஸ்ப்ரிங் இல்லாத பிளஞ்ச் ரௌட்டரைக் கையில் ஓட்டுவது ஆபத்து. பூட்டை விட்டதும் சுழலும் பிட் மேலே எழாமல் மரத்திலேயே நின்றுவிடும்.

மேசைக்கென்றே ஒதுக்கிய ரௌட்டர் என்றால் ஸ்ப்ரிங்கை எடுத்துவிடுவதே நல்லது. உயரம் ஏற்றும்போது பாரம் பாதியாகக் குறைந்தது போல இருக்கும். எடுக்கும் முறை மாடலுக்கு மாடல் வேறுபடும். சிலவற்றில், மோட்டார் ஏறி இறங்கும் தூணின் தலையில் உள்ள மூடியைத் திறந்தால் வந்துவிடும். சிலவற்றில் மோட்டாரைத் தூண்களிலிருந்தே உருவ வேண்டியிருக்கும். உங்கள் மாடலின் கையேட்டில் உள்ள பாகப் படத்தைப் பார்த்து, ஸ்ப்ரிங் எந்தத் தூணில் இருக்கிறது, எதில் முட்டி நிற்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே திருப்புளியை எடுங்கள்.

எந்த மாடலாக இருந்தாலும் சில விதிகள் மாறாது. பூட்டைத் தளர்த்தி மோட்டாரை மேல் எல்லைவரை எழவிடுங்கள். ஸ்ப்ரிங் அதிகபட்சம் நீண்டிருப்பது அப்போதுதான். அந்த நிலையிலும் அதில் அழுத்தம் மிச்சமிருக்கும். அதனால் கண்ணாடி அணிந்து, ஒரு கையால் மோட்டாரை அழுத்திப் பிடித்தபடி மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். முகத்தை அதற்கு நேரே கொண்டுபோகாதீர்கள். சில மாடல்களில் மோட்டார் தூணைவிட்டு நழுவாமல் தடுக்கும் தடுப்பும் ஸ்ப்ரிங்கோடு சேர்ந்தே கழன்றுவரும். அதைத் திரும்பப் போட மறந்தால், பூட்டைத் தளர்த்திய நொடியில் மோட்டார் மொத்தமாகத் தரையில் விழும். கழற்றிய ஸ்ப்ரிங், வாஷர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.

ஸ்ப்ரிங் போன பிறகு மோட்டாரைத் தாங்குவது பூட்டு மட்டும்தான். ரௌட்டரைத் தலைகீழாகப் பிடித்து, பூட்டி, மோட்டாரைக் கீழ்நோக்கி நன்றாக இழுத்துப் பாருங்கள். ஒரு இழை நகர்ந்தாலும் பூட்டின் நெம்புகோலைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

தகடு

அலுமினியம் என்றால் 6 முதல் 10 மி.மீ., ஃபீனாலிக் (பிசின் ஊட்டி அழுத்திய கெட்டித் தகடு) என்றால் 10 மி.மீ. போதும். இரண்டுமே நம்பகமானவை. வீட்டுக் கருவிகளால் வெட்ட ஃபீனாலிக் சுலபம். கார்பைடு பிட்டால் மரம்போலவே வெட்டலாம். ஆனால் அதன் தூள் மூக்கை எரிக்கும், முகக்கவசம் அவசியம். பாலிகார்பனேட் உடையாது, ஆனால் வளையும். 12 மி.மீ. தடிமனில் போட்டால் சமாளிக்கலாம். அக்ரிலிக் வேண்டவே வேண்டாம். நான்கு முதல் ஆறு கிலோ எடை மாதக்கணக்கில் தொங்கினால் அது மெதுவாகத் தொய்யும், திருகுத் துளையைச் சுற்றி விரிசலும் விடும்.

அளவைப் பொறுத்தவரை சுமார் 235க்கு 300 மி.மீ. பெரும்பாலான ரௌட்டர்களுக்குப் பொருந்தும். ஆனால் இந்த எண்ணை நம்பி வெட்டிவிடாதீர்கள். கைப்பிடிகளோடு சேர்த்து உங்கள் ரௌட்டரின் அதிகபட்ச அகலத்தை அளந்து பாருங்கள். தகட்டின் நான்கு பக்கமும் சுமார் 12 மி.மீ. விளிம்பு, மேசைத் திறப்பைச் சுற்றி வெட்டப்போகும் படியில் உட்காரும். அது போக மிஞ்சும் திறப்பு வழியாக ரௌட்டர் உள்ளே நுழைய வேண்டும். நேராக நுழையாவிட்டால் சாய்த்து நுழைக்கலாம், அல்லது தகட்டில் ரௌட்டரைக் குறுக்காகத் திருப்பிப் பொருத்தலாம்.

மூலைகளை வெட்டும்போது மேசைத் திறப்பை எந்த பிட்டால் வெட்டப் போகிறீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். 19 மி.மீ. பிட் உள்மூலையில் 9.5 மி.மீ. ஆரமுள்ள வளைவை விட்டுச்செல்லும். தகட்டின் மூலையையும் அதே ஆரத்தில் அரத்தால் உருட்டிவிட்டால் இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும்.

துளைகளைக் குறிப்பதும் நடுத்துளையும்

இந்தக் கட்டத்தில் அவசரம் கூடாது. துளை மில்லிமீட்டர் கணக்கில் விலகினாலும் பிட் நடுத்துளையின் மையத்தில் நிற்காது.

கழற்றி வைத்த பிளாஸ்டிக் அடித்தகட்டைத் தகட்டின் மேல்முகத்தில் வையுங்கள். கையில் ஓட்டும்போது மரத்தைத் தொடும் முகம் மேலே பார்த்திருக்க வேண்டும். மேசையில் அந்த முகம் இருக்கும் திசை அதுதான். திருப்பி வைத்தால் துளைகள் கண்ணாடிப் பிம்பமாக மாறிவிடும். திருகுகள் சமச்சீராக அமையாத பேஸ் என்றால் தகடு வீண். வைத்த பிறகு, பூட்டு நெம்புகோலும் வேகத் திருகும் மேசையின் முன்பக்கம், கைக்கு எட்டும்படி வருமாறு சுழற்றி, டபுள் சைட் டேப்பால் ஒட்டுங்கள்.

அடித்தகட்டின் துளை அளவுக்குச் சரியாகப் பொருந்தும் டிரில் பிட்டை விட்டு, லேசாகச் சுழற்றி மையத்தைப் புள்ளி குத்துங்கள். அடித்தகட்டை எடுத்துவிட்டு முதலில் 3 மி.மீ., பிறகு முழு அளவு என்று துளையுங்கள். எம்5 (5 மி.மீ. விட்டமுள்ள) திருகுக்கு 5.5 மி.மீ. துளை போதும். பிறகு கவுண்டர்சிங்க் செய்து, அதாவது துளையின் வாயைக் கூம்பாக விரித்து, திருகின் தலை தகட்டின் மட்டத்துக்குச் சற்றே கீழே இறங்கும்படி பாருங்கள். விரல் நுனியால் தடவினால் தலை தட்டுப்படக் கூடாது. ஒரு தலை கொஞ்சம் எழும்பியிருந்தாலும் ஒவ்வொரு மரத்துண்டும் அதில் தட்டி நின்று, வெட்டில் ஒரு பள்ளம் விழும்.

திருகின் நீளம் முக்கியம். பழைய திருகு பேஸின் உள்ளே எவ்வளவு இறங்கியிருந்தது என்று பாருங்கள். அது 8 மி.மீ. என்றால், 10 மி.மீ. தகட்டுக்கு 18 மி.மீ. நீளம் வேண்டும். தட்டைத் தலைத் திருகின் நீளத்தைத் தலையோடு சேர்த்தே அளப்பது வழக்கம். 20 மி.மீ. திருகை எடுத்து, முதலில் அதில் ஒரு நட்டை ஏற்றிவிட்டு, நுனியை 2 மி.மீ. அறுத்து அரம் போடுங்கள். நட்டைக் கழற்றும்போது அறுபட்ட மரை தானாகச் சீராகும். நீளமான திருகு உள்ளே தூணிலோ மோட்டார் உறையிலோ முட்டும். குட்டையான திருகு பேஸின் மென்மையான வார்ப்பு உலோகத்தில் ஒன்றிரண்டு மரையை மட்டும் பிடித்திருந்து, பிய்த்துக்கொண்டு வரும். மரை மில்லிமீட்டர் கணக்கா, அங்குலக் கணக்கா என்பதைப் பழைய திருகைப் பொருந்தும் நட்டில் போட்டுப் பார்த்து உறுதிசெய்யுங்கள். பேஸில் திருகைக் கையாலேயே முடுக்குங்கள், பவர் டிரைவர் வேண்டாம்.

இப்போது ரௌட்டரைத் தகட்டில் முழுவதும் முடுக்குங்கள். நடுத்துளையை இன்னும் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். வேண்டுமென்றேதான் விட்டு வைத்திருக்கிறோம். கவுண்டர்சிங்க் திருகுகள் முடுக்கும்போது ரௌட்டரைத் தங்கள் மையத்துக்கு இழுத்துக்கொள்ளும். துளைகளில் இருந்த சிறு பிசகுகள் எல்லாம் சேர்ந்து ரௌட்டர் கடைசியாக எங்கே உட்காருகிறதோ, அதுதான் உண்மையான மையம். அந்த இடத்தை ரௌட்டரே காட்டட்டும்.

கூர்முனையுள்ள வி பிட்டை காலெட்டில் மாட்டி, மின்சாரம் இல்லாமல், மோட்டாரை மெதுவாக இறக்கித் தகட்டைத் தொடவிடுங்கள். தண்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். விழும் புள்ளிதான் மையம். ரௌட்டரைக் கழற்றி, அந்தப் புள்ளியில் பஞ்ச் அடித்து, ஹோல் சா (வட்டமாக அறுக்கும் வாள்) போட்டுத் துளையுங்கள். அலுமினியமாக இருந்தால் நிலையான டிரில் மெஷினில், குறைந்த வேகத்தில், கொஞ்சம் எண்ணெய் விட்டுத் துளைக்க வேண்டும்.

எவ்வளவு பெரிய துளை? நீங்கள் போடும் மிகப் பெரிய பிட்டைவிட 5, 6 மி.மீ. கூடுதலாக வேண்டும். காலெட் நட்டும் தாராளமாக நுழைய வேண்டும். ஆனால் பெரிய துளையில் சிறிய பிட் ஓடினால் குட்டித் துண்டுகள் துளைக்குள் சரியும், முன்விளிம்பு பிட்டில் போய் மாட்டும். எனவே துளையின் மேல்விளிம்பில் ஒரு படி வெட்டி, வெவ்வேறு உள்வட்டம் கொண்ட வளையங்களைப் போட்டு எடுக்கும்படி செய்யுங்கள். அது கடினமாகத் தெரிந்தால், சிறிய துளையோடு இன்னொரு தகடு செய்து வைத்துக்கொள்ளலாம்.

மேசைப் பலகையும் திறப்பும்

18 மி.மீ. எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த பலகை) இரண்டை மரப்பசையால் ஒட்டி 36 மி.மீ. ஆக்குங்கள். மேலும் கீழும் மைக்கா ஒட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால், ஒட்டாத பக்கம் ஈரத்தை உறிஞ்சிப் பலகை கோணும். 600க்கு 800 மி.மீ. அளவு பெரும்பாலான வேலைக்குத் தாராளம். பிட்டை நட்டநடுவில் வைக்க வேண்டாம். முன்விளிம்பிலிருந்து 200, 250 மி.மீ. தூரத்தில் இருந்தால் கை நீட்டாமல் வேலை செய்யலாம்.

திறப்பை வெட்ட தனியாக அச்சு செய்யத் தேவையில்லை. தகட்டை அதன் இடத்தில் வைத்து, நான்கு பக்கமும் நேரான விளிம்புள்ள எம்.டி.எஃப். பட்டைகளை ஒட்டி நெருக்கி டபுள் சைட் டேப்பால் பதியுங்கள். தகட்டுக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு தாள் கனம் இடைவெளி விடுங்கள், பிறகு தகடு சிக்காமல் வரும். தகட்டை எடுத்துவிட்டு, மேலே பேரிங் உள்ள பேட்டர்ன் பிட்டால் பட்டைகளை உரசியபடி உள்விளிம்பைச் சுற்றி வெட்டுங்கள். இந்த வேலைக்கு வேறொரு ரௌட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மேசைக்கு வைத்த ரௌட்டரையே பயன்படுத்தலாம், ஆனால் ஸ்ப்ரிங் எடுப்பதை அதுவரை தள்ளிப்போடுங்கள். ஒரே மூச்சில் முழு ஆழம் போகாமல் 3, 4 மி.மீ. ஆகக் குறையுங்கள். கடைசி ஆழம் தகட்டின் தடிமனைவிட ஒரு மி.மீ. அதிகம் இருக்கட்டும். அந்த ஒரு மி.மீ. மட்டத் திருகுகளுக்கானது.

படி வெட்டியானதும், அதன் உள்ளே 12 மி.மீ. விளிம்பை விட்டுவிட்டு நடுப்பகுதியை ஜிக்சாவால் அறுத்து எடுங்கள். முழு பாரமும் இந்த விளிம்பில்தான் உட்காரப்போகிறது. எம்.டி.எஃப். தனியாகத் தாங்கும் என்று விட்டுவிடாமல், அடியில் திறப்பின் இருபுறமும் முன்னிருந்து பின்னாக இரண்டு கெட்டி மரச் சட்டங்களைத் திருகிவிடுங்கள். பலகை தொய்யாமல் இருப்பதும் அவற்றால்தான்.

படியின் நான்கு மூலையிலும் எம்6 மரை உள்ள செருகு நட் பதித்து, அதில் தலையில்லாத திருகைப் போடுங்கள். தகடு இவற்றின் மேல் உட்காரும். மட்டப்பலகையை மேசையிலிருந்து தகட்டுக்கு நான்கு திசையிலும் வைத்துப் பார்த்து, அல்லன் கீயால் திருப்பி மட்டம் செய்யுங்கள். ரௌட்டர் தொங்கும் நிலையில்தான் இதைச் செய்ய வேண்டும். எடை ஏறியதும் மட்டம் மாறும். மட்டம் வந்த பிறகு இரண்டு மூலைவிட்ட மூலைகளில் தகட்டைத் திருகால் பிடித்துவிடுங்கள்.

மூலைமட்டம் வைத்து இன்னொன்றையும் பாருங்கள். காலெட்டில் நேரான எஃகுக் கம்பி ஒன்றை மாட்டி, அது மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று இரண்டு திசையிலும் சோதியுங்கள். சாய்ந்திருந்தால் பேஸுக்கும் தகட்டுக்கும் இடையில், தேவையான திருகின் அருகே மெல்லிய உலோகத் தாள் வைத்து நிமிர்த்தலாம்.

உயரம் ஏற்றி இறக்க

சில ரௌட்டர்களில் மேசைக்கு மேலிருந்தே சாவி போட்டு உயரம் மாற்றும் வசதி உண்டு. அப்படியென்றால் அந்தத் துளையை மட்டும் தகட்டில் போட்டால் முடிந்தது.

இல்லாதவர்களுக்கு எளிய ஏற்பாடு மரைக்கம்பி. ஆழம் நிறுத்தும் தண்டை எடுத்துவிட்டு, அந்த வழியில் ஒரு மரைக்கம்பியை விட்டு, அதன் ஒரு முனையைப் பேஸில் அசையாமல் பொருத்துங்கள். மறுமுனை மோட்டார் உறையின் துளை வழியாகக் கீழே வெளியே வரும். அங்கே வாஷரும் பெரிய குமிழ் கொண்ட நட்டும் போட்டால், நட்டைத் திருப்பத் திருப்ப மோட்டார் பேஸை நோக்கி, அதாவது மேல்நோக்கி ஏறும். எம்8 கம்பியில் ஒரு முழுச் சுற்று 1.25 மி.மீ., எம்6 கம்பியில் சரியாக 1 மி.மீ. கால் சுற்று என்றால் கால் மில்லிமீட்டர் என்று கணக்கும் சுலபம். ஆனால் கனமான மோட்டாருக்கு எம்6 மெலிவு, எம்8 போடுங்கள். மோட்டாரின் எடை எப்போதும் நட்டின் மேல் அழுத்திக்கொண்டிருப்பதால் மரையில் ஆட்டம் இருக்காது. கம்பி நுழையத் தண்டின் வழி இடம் தராத மாடலில், மோட்டாருக்கு அடியில் சிறிய கத்திரி ஜாக்கியை ஒரு பலகையில் நிறுத்தி ஏற்றலாம். ஜாக்கி காற்றுத் துவாரத்தை மறைக்கக் கூடாது.

எந்த முறையானாலும் வரிசை ஒன்றே. பூட்டைத் தளர்த்து, உயரம் வை, மறுபடி பூட்டு, பிறகே ஸ்விட்ச். மரைக்கம்பி பிடித்துக்கொள்ளும் என்று பூட்டாமல் ஓட்டினால், அதிர்வில் நட் சுழன்று பிட் சிறுகச் சிறுக இறங்கும். நீளமான சட்டத்தின் ஒரு முனையில் 6 மி.மீ. பள்ளமும் மறுமுனையில் 5 மி.மீ. பள்ளமும் கிடைக்கும்.

மின்சாரமும் தூளும்

மேசையின் முன்பக்கம் தனி ஸ்விட்ச் வையுங்கள். தொடையாலும் முழங்காலாலும் தட்டி அணைக்கும்படி பெரிய சிவப்புப் பலகை உள்ளது நல்லது. மின்சாரம் போய் வந்தால் தானாக ஓடத் தொடங்காத வகையாக இருக்க வேண்டும். ரௌட்டரின் தகட்டில் எழுதியிருக்கும் ஆம்பியரைவிட ஸ்விட்சின் திறன் அதிகமாக இருக்கட்டும். பிட் மாற்றும்போது இந்த ஸ்விட்சை அணைப்பது போதாது. பிளக்கைப் பிடுங்கி, கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்.

தலைகீழாகத் தொங்கும் மோட்டாரின் மேல் தூள் நேராகக் கொட்டும். பிட்டுக்குப் பின்னால் ஃபென்ஸில் (மரத்தை ஒட்டித் தள்ளுவதற்காக மேசையில் நிறுத்தும் நேரான தடுப்பு) ஒரு உறிஞ்சு குழாய் வைத்தால் பெரும்பகுதி போய்விடும். மோட்டாரைச் சுற்றிப் பெட்டி அடிப்பதாக இருந்தால் காற்று வர வழி விடுங்கள், இல்லாவிட்டால் சூடேறும். பூட்டும் தூண்களும் தூளில் சிக்கிக்கொள்ளாமல் அவ்வப்போது துடைத்து, தூண்களில் உலர் மசகு தடவுங்கள். எண்ணெய் தூளைப் பிடித்துக் களிம்பாக்கிவிடும்.

முதல் ஓட்டம்

பிட்டின் தண்டு காலெட்டுக்குள் குறைந்தது 20 மி.மீ. இறங்கியிருக்க வேண்டும். அடிவரை தள்ளி முட்டவிட்டு, 2, 3 மி.மீ. மேலே இழுத்து முடுக்குங்கள். குறைந்த வேகத்தில் ஒரு நிமிடம் மரமில்லாமல் ஓட்டிக் காதைக் கொடுங்கள். தகட்டில் கை வைத்தால் லேசான நடுக்கம் மட்டும் தெரிய வேண்டும். கடகடவென்று சத்தம் வந்தால் நிறுத்தித் திருகுகளைப் பாருங்கள்.

வேகத்துக்கு ஒரு கணக்கு: 25 மி.மீ. விட்டம்வரை உள்ள பிட்டுகளுக்கு 22,000 சுற்றுவரை போகலாம். 50 மி.மீ. அளவில் 16,000. 80 மி.மீ. பேனல் பிட்டுக்கு 10,000 முதல் 12,000க்கு மேல் கூடாது. பிட்டின் மேலேயே அதிகபட்ச வேகம் எழுதியிருந்தால் அதுவே முடிவானது.

மேசையில் தலைகீழாக இருக்கும் பிட், மேலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். ஆகவே ஃபென்ஸை ஒட்டி மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும். மாற்றித் தள்ளினால் பிட் மரத்தைக் கையிலிருந்து பிடுங்கி வீசும். மரத்தை ஒருபோதும் பிட்டுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் நுழைக்காதீர்கள். பிட் எப்போதும் ஃபென்ஸின் வெட்டுக்குள் பாதி மறைந்திருக்க, மரம் அதன் முன்னால் போக வேண்டும். ஃபென்ஸ் இல்லாமல் பேரிங் பிட்டால் வளைவுகளை வெட்டுவதற்கு, துளையிலிருந்து 50 மி.மீ. தள்ளித் தகட்டில் ஒரு முளையைப் பதித்து, அதில் மரத்தைச் சாய்த்துத்தான் பிட்டில் சேர்க்க வேண்டும். அந்த முளைக்கான துளையை நடுத்துளை வெட்டும்போதே போட்டு வைத்துக்கொண்டால், ரௌட்டரை மறுபடி கழற்றும் வேலை மிச்சம்.

முதல் சில மணிநேர வேலைக்குப் பிறகு பேஸின் திருகுகளை ஒருமுறை முடுக்கிப் பாருங்கள். புதிதாகப் பொருத்தியவை அதிர்வில் சற்றுத் தளரும். தளர்ந்தால் நீலநிற மரைப்பசை ஒரு துளி போட்டு மறுபடி முடுக்குங்கள். சிவப்பு வேண்டாம், பிறகு சூடாக்காமல் கழற்ற முடியாது.